டைட்டானியம் ஆலையின் அன்னபேதியிலிருந்து சோடியம் அயனி மின்கலக் கேத்தோடு: எந்த வழி தேறும்?

கேள்வி: கடலோரன்

அனைவருக்கும் வணக்கம். நான் வேதிப்பொறியியலில் முதுநிலை படிக்கும் மாணவன். சல்பேட் முறையில் டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கும் ஆலைகளில் துணை விளைபொருளாக வெளியேறும் அன்னபேதியை, அதாவது ஏழு நீர் மூலக்கூறுகளுடன் பச்சைப் படிகமாக விழும் பெர்ரஸ் சல்பேட்டை, சோடியம் அயனி மின்கலத்தின் கேத்தோடுக்கு (நேர்மின்முனைக்கு) இரும்பு மூலமாகப் பயன்படுத்த முடியுமா என்பதே என் ஆய்வுத் தலைப்பு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணவாளக்குறிச்சி, சவறா போன்ற கடற்கரைகளின் மணலில் கிடைக்கும் இல்மனைட், டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அதை அடர் கந்தக அமிலத்தில் செரிக்க வைத்தால் இரண்டு உலோகங்களும் கரைசலுக்கு வந்துவிடுகின்றன. கரைசலில் உள்ள பெர்ரிக் இரும்பைப் பழைய இரும்புத் துண்டுகளால் பெர்ரஸ் நிலைக்கு ஒடுக்கி, பிறகு குளிர்விக்கும்போது இரும்பின் பெரும்பகுதி அன்னபேதியாகப் படிந்து பிரிகிறது. எஞ்சிய கரைசலைக் கொதிக்க வைத்து நீராற்பகுத்தால் டைட்டானியம் வீழ்படிவாகி, சுட்டபின் வெள்ளை நிறமியாகிறது. ஒரு டன் நிறமிக்கு ஏறத்தாழ 3 டன் அன்னபேதி விழுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும், நுண்ணூட்ட உரத்துக்கும், சிமென்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை ஒடுக்குவதற்கும் அதை வாங்குகிறார்கள் என்றாலும், விழும் வேகத்துக்கு விற்பனை ஈடுகொடுப்பதில்லை.

நான் தேர்ந்தெடுத்திருக்கும் கேத்தோடு, நான்கு சோடியத்துக்கு மூன்று இரும்பு என்ற விகிதத்தில் ஆர்த்தோபாஸ்பேட்டும் பைரோபாஸ்பேட்டும் கலந்த சேர்மம். என்எஃப்பிபி என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிசுக் காங்கின் குழு 2012இல் இதை அறிமுகப்படுத்தியது. கோட்பாட்டளவில் கிராமுக்கு 129 மில்லி ஆம்பியர் மணி கொள்திறன், சராசரியாக 3.1 வோல்ட் அளவிலான மின்னழுத்தம், மின்னேற்றத்தின்போது 4 சதவீதத்துக்கும் குறைவான பருமன் மாற்றம் ஆகியவை இதன் சிறப்புகள். நிக்கலோ கோபால்ட்டோ இதில் கிடையாது.

என் ஐயம் இதுதான். நான் வாங்கி வந்த அன்னபேதியில் மக்னீசியம், மாங்கனீசு, டைட்டானியம், அலுமினியம் ஆகியவை கலந்திருக்கின்றன. இவற்றை முழுவதுமாக நீக்கினால் செலவு ஏறி, துணை விளைபொருளைப் பயன்படுத்துவதன் பயனே போய்விடும் என்று தோன்றுகிறது. மறுபுறம், மக்னீசியத்தையும் மாங்கனீசையும் வேண்டுமென்றே சிறிதளவு சேர்த்தால் கேத்தோடு மேம்படுகிறது என்று பல ஆய்வுக் கட்டுரைகள் கூறுகின்றன. அப்படியானால் மாசை நீக்காமலேயே பயன்படுத்தி, மேம்பட்ட பொருளைப் பெற முடியாதா? தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்களும் மின்கல ஆய்வில் இருப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: படிகம்

தம்பி, முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் இந்தத் தலைப்பில் பேசுகிற பலரும் இரும்பு மலிவாகக் கிடைப்பதையே பெரிய ஆதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்னபேதியின் எடையில் இரும்பு 20 சதவீதம். என்எஃப்பிபியின் எடையில் அது 27 சதவீதம். ஆகவே ஒரு கிலோ கேத்தோடு தூளுக்குச் சுமார் 1.34 கிலோ அன்னபேதி போதும். நடைமுறையில் ஒரு கிலோ தூளிலிருந்து 300 வாட் மணி அளவுக்கு ஆற்றல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் மணி மின்கலத்துக்குத் தேவைப்படுவது சுமார் நாலரைக் கிலோ அன்னபேதி. இதையே பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 20,000 டன் நிறமி தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் விழும் 60,000 டன் அன்னபேதி, 13 ஜிகாவாட் மணி மின்கலங்களுக்கு இரும்பு தரும். ஆகவே இரும்பு போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் அதே ஒரு கிலோ கேத்தோடுக்கு, நூறு சதவீத அடர்வில் கணக்கிட்டாலும், 0.63 கிலோ பாஸ்பாரிக் அமிலமும் 0.34 கிலோ சோடா உப்பும் (சோடியம் கார்பனேட்) வேண்டும். அடக்கவிலையைத் தீர்மானிப்பவை தூய பாஸ்பேட்டும், உலையும், நைட்ரஜனும், கழிவுநீர்ச் சுத்திகரிப்புமே. அன்னபேதியை ஆலை உங்களுக்கு இலவசமாகவே கொடுத்தாலும் மொத்தச் செலவில் அது தரும் சலுகை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. இதைச் சொல்வது உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக அல்ல. சேமிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த மாசை நீக்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

இனித் தூய்மைப்படுத்தலுக்கு வருகிறேன். அன்னபேதியை வெந்நீரில் கரைக்கும்போது 57 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிலைத்திருக்கும் படிகம் ஏழு நீர் வகையாக இருக்காது. ஆகவே மறுபடிகமாக்கும் எண்ணம் இருந்தால் அதற்குக் கீழேயே வேலை செய்யுங்கள். கரைசலில் இரும்புத் தூளைப் போட்டுச் சூடாக்கினால் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: படிகங்களில் ஒட்டிவந்த தனி அமிலம் செலவழிகிறது, காற்றுப் பட்டு உருவான பெர்ரிக் இரும்பு மீண்டும் பெர்ரஸ் ஆகிறது, அமிலத்தன்மை குறைவதால் டைட்டானியம் நீராற்பகுப்படைந்து மிக நுண்ணிய வீழ்படிவாகப் பிரிகிறது, அலுமினியத்தில் ஒரு பகுதியும் அதனோடு போகிறது. இந்த வீழ்படிவு வடிதுணியைச் சீக்கிரமே அடைத்துவிடும். பாலிஅக்ரிலமைடு போன்ற திரட்டுப் பொருள் சிறிது சேர்த்துத் தெளியவிட்ட பிறகே வடிகட்ட வேண்டும். ஆய்வகத்தில் அரை லிட்டருக்கு இது ஒரு தொந்தரவாகத் தெரியாது. ஆலையில் ஒரு நாளின் உற்பத்தியையே இந்தப் படிதான் நிறுத்திவைக்கும்.

மக்னீசியமும் மாங்கனீசும் இவ்வாறு போகா. அவற்றின் சல்பேட்டுகள் பெர்ரஸ் சல்பேட்டின் படிகக் கட்டமைப்பிலேயே இடம்பிடித்துக்கொள்ளக் கூடியவை என்பதால் எத்தனை முறை மறுபடிகமாக்கினாலும் ஒரு பங்கு கூடவே வரும். புளூரைடு சேர்த்து மக்னீசியத்தையும் கால்சியத்தையும் வீழ்த்துவோர் உண்டு. பிறகு அந்தப் புளூரைடை நீக்குவது தனிப் பாடாகிவிடும். நான் பரிந்துரைப்பது இதுவல்ல.

பரிந்துரைப்பது இரும்பு பாஸ்பேட் வழி. டைட்டானியம் நீக்கிய கரைசலை ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்து, பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்து, பிஎச் மதிப்பை 2ஐ ஒட்டி வைத்திருந்தால் பெர்ரிக் பாஸ்பேட் மட்டும் வீழ்படிவாகும். அந்த அமிலத்தன்மையில் மக்னீசியமும் மாங்கனீசும் கரைசலிலேயே தங்கிவிடும். வீழ்படிவை நன்றாகக் கழுவினால் மின்கலத் தரத்துக்கு நெருங்கிய இரும்பு பாஸ்பேட் கிடைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொழிலுக்காகச் சீனாவின் பெரிய டைட்டானியம் நிறமி நிறுவனங்கள் 2021ஐ ஒட்டி இரும்பு பாஸ்பேட் உற்பத்தியில் இறங்கியதும் தங்கள் அன்னபேதியை நம்பித்தான். அதே இரும்பு பாஸ்பேட்டோடு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சோடா உப்பு, குளுக்கோஸ் போன்ற கார்பன் மூலம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தெளிப்பு உலர்த்தியில் உலர்த்தி, நைட்ரஜனில் 500 முதல் 550 பாகை வரை சுட்டால் என்எஃப்பிபி கிடைக்கும். கார்பன் இரும்பை மறுபடி பெர்ரஸ் நிலைக்கு ஒடுக்குவதோடு துகள்களின் மீது கடத்தும் பூச்சாகவும் அமைகிறது.

இதில் ஒரு விலை இருக்கிறது. அன்னபேதியோடு வந்த சல்பேட் எங்கும் மறைந்துவிடாது. எரிசோடாவால் நடுநிலையாக்கினால் ஒரு கிலோ என்எஃப்பிபிக்குச் சுமார் 0.68 கிலோ சோடியம் சல்பேட் கழிவுநீரில் சேரும். அம்மோனியாவைப் பயன்படுத்தினால் அதற்கு ஈடான அம்மோனியம் சல்பேட். ஒரு துணை விளைபொருளைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்குகிறோம். உங்கள் ஆய்வேட்டில் இந்த உப்பை ஆவியாக்கிப் பிரிக்கும் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்காவிட்டால் தேர்வாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.


பதில்: கொள்திறன்

மின்கலப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். "மாசே மேம்பாடாகாதா" என்ற உங்கள் கேள்வியைப் பலர் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தனிமத்தையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மக்னீசியத்தின் அயனி ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம், பெர்ரஸ் இரும்புக்கு 0.78. இடத்துக்குச் சிரமமின்றிப் பொருந்தும். மின்னேற்றத்திலும் இறக்கத்திலும் அது இணைதிறனை மாற்றிக்கொள்ளாததால் கட்டமைப்பை நிலையாகப் பிடித்துவைக்கும் என்றும், சோடியம் நகர்வு சற்று எளிதாகும் என்றும் விளக்கம் தருகிறார்கள். அளவு சிறியதாக இருக்கும்வரை எனக்கும் இதில் மறுப்பு இல்லை. ஆனால் அது மின்னோட்டத்துக்கு ஒன்றும் தராத விருந்தாளி: இரும்பின் இடத்தில் நூற்றுக்கு இரண்டு மக்னீசியம் அமர்ந்தால் கொள்திறனிலும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு போகும். மாங்கனீசு அப்படியல்ல. அது இரும்பைவிட உயர்ந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும்; மின்கலத்தை அந்த உயரத்துக்கு ஏற்றினால்தான் அதன் பங்கு கிடைக்கும். ஏற்றினால் மூவிணைதிறன் மாங்கனீசு தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் எண்முகியைத் திரித்துவிடும் என்ற தொல்லையும் உண்டு. கால்சியம் வேறு கதை; அதன் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், சோடியத்தின் 1.02க்கு அருகில் இருக்கிறது. ஆகவே அது இரும்பின் இடத்தை விட்டுவிட்டுச் சோடியம் செல்லும் பாதையில் போய் அமர வாய்ப்பு அதிகம். செம்பும், ஒடுக்கத்துக்குப் போட்டு மிச்சமான இரும்புத் தூளும் எந்த அளவிலும் வேண்டாதவை. உலோகத் துகள் ஒன்று கேத்தோடில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள உயர் மின்னழுத்தத்தில் கரைந்து, எதிர்ப்பக்கம் போய்ப் படிந்து, பிரிப்புத் தாளைக் குத்தி உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கும். படிகம் அவர்கள் சொன்ன இரும்புத் தூள் படிக்குப் பிறகு காந்தப் பிரிப்பைக் கட்டாயமாக வையுங்கள்.

எனினும் நான் அஞ்சுவது மாசின் அளவுக்காக அல்ல, அதன் ஏற்ற இறக்கத்துக்காக. ஆய்வகத்தில் மாசூட்டும்போது, அதாவது வேற்றுத் தனிமத்தை வேண்டுமென்றே சேர்க்கும்போது, நாம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தேர்ந்தெடுத்து, அதையே எல்லா மாதிரிகளிலும் வைத்திருக்கிறோம். ஆலையின் அன்னபேதியிலோ, இந்த மாதம் மணவாளக்குறிச்சி இல்மனைட், அடுத்த மாதம் வேறு கரையின் இல்மனைட் என்று தாது மாறும். போட்ட பழைய இரும்பு மாறும். எந்த வெப்பநிலையில் படிகமாக்கினார்கள் என்பதும் மாறும். திறந்த வெளியில் குவித்துவைத்தால் மேலடுக்கு நீரை இழந்தும், பழுப்பேறியும், எடைக்கு இரும்பின் விகிதமே மாறிவிடும். என்எஃப்பிபியில் சோடியம், இரும்பு, பாஸ்பரஸ் ஆகிய மூன்றின் விகிதம் சற்றுப் பிசகினாலே மாரிசைட் என்னும் சோடியம் இரும்பு பாஸ்பேட் தனிக் கட்டமாக (வேறு படிக அமைப்புள்ள பொருளாக) உருவாகும்; சோடியம் நகரப் பாதையில்லாத அக்கட்டம் கேத்தோடில் சும்மா கிடக்கும் எடை. ஒரு மின்கலப் பொதியில் நூற்றுக்கணக்கான கலங்கள் தொடராக இணைந்திருக்கும்போது, சராசரியாக நல்ல தூளைவிட, சற்றுக் குறைந்த தரமானாலும் ஒவ்வொரு தொகுதியிலும் மாறாத தூளையே உற்பத்தியாளர் விரும்புவார்.

ஆகவே துணை விளைபொருளில் இயல்பாக இருக்கும் மக்னீசியத்தைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பினால், முதலில் அதை ஒரு தாழ்ந்த நிலையான அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு வேண்டிய அளவுக்கு மக்னீசியம் உப்பைச் சேர்ப்பதுதான் முறை. மக்னீசியம் சல்பேட் மலிவான பொருள். அதை மாசிலிருந்து இலவசமாகப் பெற்றோம் என்பதில் மிச்சமாகும் காசு ஒன்றுமில்லை. இப்படிச் சொன்னால் கட்டுரையின் கவர்ச்சி குறையும் என்பது எனக்குத் தெரியும்.


மறுமொழி: கடலோரன்

இருவருக்கும் மிக்க நன்றி. படிகம் ஐயா சொன்ன சோடியம் சல்பேட் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. சல்பேட்டை வெளியேற்றுவதுதான் சிக்கல் என்றால், சல்பேட்டையே தன்னுள் வைத்துக்கொள்ளும் கேத்தோடைத் தேர்ந்தெடுக்கலாமே? சோடியம் இரும்பு சல்பேட் கேத்தோடைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். ஆனால் இந்த நோக்கில் அதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இரும்பும் சயனைடும் சேர்ந்த பிரஷ்ய வெள்ளை என்னும் கேத்தோடுப் பொருள் பற்றியும் சிலர் சொல்கிறார்கள்.


பதில்: கந்தகன்

பிரஷ்ய வெள்ளையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அன்னபேதிக் கரைசலோடு சோடியம் பெர்ரோசயனைடைக் கலந்தாலே அது விழும். கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி என்ற கோட்பாட்டுக் கொள்திறனும் கவர்ச்சியானது. சுவீடனில் ஆல்ட்ரிஸ் நிறுவனம் அதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. ஆனால் விலையையும் தரத்தையும் தீர்மானிப்பது பெர்ரோசயனைடும், படிகத்தின் உள்ளே சிக்கிய நீரை வெளியேற்றுவதுமாக இருக்கும். அன்னபேதிக்கு அதில் சிறு பாத்திரம்தான், உப்பும் கழிவுநீரில் வரத்தான் செய்யும்.

நீங்கள் குறிப்பிட்ட சல்பேட் கேத்தோடுதான் இந்த இழைக்கு உரியது என்பது என் கருத்து. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரபீர் பர்பாண்டா, அட்சுவோ யமாடா ஆகியோரின் குழு 2014இல் அதை அறிவித்தது. பர்பாண்டா இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். இரண்டு சோடியம், இரண்டு இரும்பு, மூன்று சல்பேட் என்ற அமைப்பு. அல்லாடைட் என்னும் கனிமத்தின் கட்டமைப்பைக் கொண்டது. இரும்பைக் கொண்டே சோடியத்துக்கு எதிராக 3.8 வோல்ட் தருகிறது. கோட்பாட்டுக் கொள்திறன் 120 மில்லி ஆம்பியர் மணி என்பது என்எஃப்பிபியைவிடக் குறைவு. ஆனால் மின்னழுத்தத்தோடு பெருக்கினால் கிலோவுக்கு 450 வாட் மணியைத் தாண்டுகிறது, என்எஃப்பிபிக்கு அது 400 அளவில் நின்றுவிடுகிறது.

தயாரிப்பைப் பாருங்கள். நீர் நீக்கிய பெர்ரஸ் சல்பேட்டையும் சோடியம் சல்பேட்டையும் சேர்த்து அரைத்து, ஆக்சிஜன் படாமல் 350 பாகையில் சுட்டால் போதும். கணக்கின்படி ஒரு கிலோ கேத்தோடுக்கு 1.25 கிலோ அன்னபேதியும் 0.32 கிலோ சோடியம் சல்பேட்டும் போகின்றன. வெளியே வருவது 0.57 கிலோ நீராவி. பாஸ்பாரிக் அமிலமும் பெராக்சைடும் எரிசோடாவும் இங்கே தேவையில்லை. படிகம் அவர்களுடைய வழியில் கழிவாக வரும் சோடியம் சல்பேட்டே இங்கே மூலப்பொருளாகிவிடுகிறது. நடைமுறையில் சோடியத்தைச் சற்று மிகுதியாக வைத்தால்தான் வினையாற்றாத பெர்ரஸ் சல்பேட் எஞ்சாமல் தூய கட்டம் கிடைக்கும். சீனாவில் இந்த வகைக் கேத்தோடை வணிக அளவுக்குக் கொண்டுவரும் முயற்சிகளும் நடக்கின்றன.

சோடியம் சல்பேட் என்றதும் திருப்பூர் நினைவுக்கு வருவது இயல்பு. சாயக் கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தபின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மீட்கப்படும் சோடியம் சல்பேட்டை மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அந்தக் கலப்பு உப்பை நேரடியாகக் கேத்தோடுக்குப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதில் குளோரைடு மிகுதி. குளோரைடு, கேத்தோடு பூசப்படும் அலுமினியத் தாளில் குழிப்பள்ள அரிப்பை உண்டாக்கக் கூடியது. சாயத்தின் கரிமப் பொருள்களும் இருக்கும். பத்துப் பாகை அளவுக்குக் குளிர்வித்துப் படிகமாக்கிப் பிரித்த சோடியம் சல்பேட்டாக இருந்தால் மட்டும் சோதித்துப் பார்க்கலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, ஈரம். இந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீரேறிய கட்டமாக மாறிக் கெட்டுவிடும். தூத்துக்குடிக் கடற்காற்றில் திறந்த மேசையில் வைத்து எடை போட முடியாது. உலர் அறை வேண்டும், நீரில் குழைத்துப் பூசும் முறையும் உதவாது. இரண்டாவது, வெப்பம். 400 பாகையைத் தாண்டினால் சல்பேட் சிதையத் தொடங்கிக் கந்தக டை ஆக்சைடை வெளியிடும். அதனால் என்எஃப்பிபியைப்போல் சர்க்கரையைக் கரியாக்கிக் கடத்தும் பூச்சைப் பெற முடியாது. கார்பன் நானோ குழாய் போன்ற முன்பே கடத்துகிற கார்பனை அரைவையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. மலிவான பொருள் என்று தொடங்கியதில் விலை ஏறுவது இங்கேதான்.


பதில்: படிகம்

கந்தகன் அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதுதான் உங்கள் ஆய்வின் மையமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாஸ்பேட் வழியில் வீழ்படிவாக்கும் படி ஒரு சல்லடைபோல் வேலை செய்கிறது. மக்னீசியமும் மாங்கனீசும் தாய்க்கரைசலோடு போய்விடுகின்றன. அதற்கு விலையாக உப்புக் கழிவைச் சுமக்கிறோம். சல்பேட் வழியில் எதையும் வெளியேற்றும் படியே இல்லை. அன்னபேதியில் இருந்த மக்னீசியம் சல்பேட் முழுவதும், மாங்கனீசு சல்பேட் முழுவதும் உலைக்குள் போய்க் கேத்தோடிலேயே தங்கும். கழிவுநீர் இல்லாத தயாரிப்பு என்று பெருமைப்படும் அதே காரணத்தால் அழுக்குக்கும் வெளியேற வழியில்லை. ஆகவே சல்பேட் வழியில் தூய்மைப்படுத்தல் முழுவதும் உலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நான் முன்பு சொன்னபடி மறுபடிகமாக்கலால் மக்னீசியம் ஓரளவுக்குத்தான் குறையும்.

கொள்திறன் அவர்களின் ஏற்ற இறக்கம் பற்றிய எச்சரிக்கை அதனால்தான் சல்பேட் வழிக்கு இரு மடங்கு பொருந்துகிறது. ஆனால் மற்றொன்றையும் கவனியுங்கள். மக்னீசியத்தைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை எந்தக் கேத்தோடில் அதிகம் என்பதைப் பொறுத்து இந்த முடிவு தலைகீழாகவும் மாறலாம். அல்லாடைட் கட்டமைப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு மக்னீசியத்தைக் கொள்திறனில் சிறு இழப்போடு ஏற்றுக்கொண்டால், நிறமி ஆலையின் வாசலிலேயே உலர்த்தியும் உலையும் அமைத்து அன்னபேதியை நேராகக் கேத்தோடாக்கும் திட்டம் கணக்குக்கு வரும். ஏழு நீர் மூலக்கூறுகளைச் சுமந்த உப்பை லாரியில் ஏற்றினால் எடையில் 45 சதவீதம் தண்ணீருக்கே கூலி கொடுக்கிறோம் என்பதால், எந்த வழியானாலும் உலர்த்துவது ஆலைக்குள்ளேயே நடப்பதுதான் நல்லது. கந்தக அமிலம் தயாரிக்கும் பிரிவு அதே வளாகத்தில் இருந்தால் அங்கு மிச்சப்படும் வெப்பம் ஒற்றை நீர் வகை வரைக்கும் உலர்த்தப் போதும். கடைசி நீர் மூலக்கூறை நீக்க 250 பாகைக்கு மேல் வேண்டும். அதைக் காற்றில் செய்தால் தூள் பழுப்பேறிவிடும், நைட்ரஜனிலோ வெற்றிடத்திலோ செய்யுங்கள்.


பதில்: உருட்டாலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். துணை விளைபொருள் என்றால் அன்னபேதி மட்டும்தான் என்று இழை போய்க்கொண்டிருப்பதால் ஒரு சிறு சேர்க்கை. குளிர் உருட்டு எஃகு ஆலைகளில் தகட்டின் துருவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நீக்கும் பிக்கிளிங் பிரிவு உண்டு. அங்கு செலவான அமிலத்தைத் தெளித்துச் சுட்டு மீட்கும்போது செந்நிற இரும்பு ஆக்சைடு தூள் கிடைக்கிறது. பெர்ரைட் காந்தம் செய்வோர் நீண்ட காலமாக இதைத்தான் வாங்குகிறார்கள். ஒரு கிலோ என்எஃப்பிபிக்கு இது 0.38 கிலோ இருந்தால் போதும். சல்பேட் என்ற பேச்சே கிடையாது, ஆகவே உப்புக் கழிவும் இல்லை. குறை என்னவென்றால், ஆக்சைடு எளிதில் வினைபுரியாது, மிக நுண்ணியதாக ஈர அரைவை செய்ய வேண்டும். எஞ்சிய குளோரைடைக் கழுவி நீக்க வேண்டும். எஃகிலிருந்து வந்த மாங்கனீசும் சிலிக்காவும் அப்படியே இருக்கும். அலுமினிய ஆலைகளின் செஞ்சேற்றைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் இரும்பு இருந்தாலும் அலுமினா, சிலிக்கா, டைட்டானியா எல்லாம் சேர்ந்து கிடப்பதால் பிரித்தெடுக்கும் செலவிலேயே அந்தத் திட்டம் நின்றுவிடும்.


பதில்: கொள்திறன்

உருட்டாலை அவர்களின் ஆக்சைடு நல்ல ஒப்பீட்டு மாதிரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரனுக்கு, சோதனையை எப்படி அமைப்பது என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ஆய்வகத் தரமுள்ள தூய பெர்ரஸ் சல்பேட்டிலிருந்து ஒரு கேத்தோடு, ஆலை அன்னபேதியிலிருந்து ஒன்று என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால், வேறுபாடு மக்னீசியத்தால் வந்ததா, துகள் அளவால் வந்ததா, கார்பன் பூச்சால் வந்ததா என்று சொல்லவே முடியாது. தூய சல்பேட்டில் ஆலை மாதிரியில் இருக்கும் அளவுக்கு மக்னீசியத்தை மட்டும் சேர்த்து ஒன்று, மாங்கனீசை மட்டும் சேர்த்து ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று என்று செய்து, அவற்றோடு ஆலை மாதிரியை வையுங்கள். ஆலையிலிருந்து ஒரே நாளில் ஒரு மூட்டையை வாங்கி வருவதற்குப் பதிலாக, வெவ்வேறு மாதங்களில் விழுந்த தொகுதிகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி கருவியில் பகுத்துவிடுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கான கருவிகளும் அனுபவமும் இருக்கின்றன. உங்கள் நெறியாளர் வழியாக அணுகலாம்.

மின்கலச் சோதனையில் சோடியம் உலோகத்துக்கு எதிரான நாணயக் கலத்தோடு நின்றுவிட வேண்டாம். அங்கே சோடியம் அளவின்றிக் கிடைப்பதால், கரைந்து வெளியேறும் மாசுகள் செய்யும் கேடு முதல் சில நூறு சுற்றுகளில் மறைந்தே இருக்கும். கடினக் கார்பன் ஆனோடை (எதிர்மின்முனையை) எதிரே வைத்து, சோடியத்தின் அளவைக் கேத்தோடில் உள்ளதோடு கட்டுப்படுத்தி, 45 பாகையில் மீண்டும் மீண்டும் மின்னேற்றி இறக்கிப் பாருங்கள். மாங்கனீசு கரைகிறதா என்பது அப்போது ஆனோடைப் பகுத்தாலே தெரிந்துவிடும். கொள்திறனை அறிவிக்கும்போது ஒரு தொகுதியின் சிறந்த எண்ணைத் தராமல், எல்லாத் தொகுதிகளின் எண்களையும் அருகருகே தாருங்கள். இரண்டு வழிகளில் எது தேறும் என்பதை நிறமி ஆலைக்காரரும் மின்கலக்காரரும் அந்த ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.